பேரரசன் கொன்ஸ்தாந்தீனும் அவன் செப்புக் காசுகளும்



பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில் ஓர் அரசன் தன் முகத்தையும் தன் எண்ணத்தையும் குடிமக்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவான்? உரோமையர் கண்ட வழி எளிது. காசில் பொறித்து அனுப்பினார்கள். பொற்காசு படைத்தலைவர்களிடமும் பிரபுக்களிடமும் தங்கிவிட்டது. செம்பைப் பிற உலோகங்களுடன் கலந்து அடித்த வெண்கலக் காசோ ரொட்டி வாங்குபவன் கையிலும், சுமை இறக்குபவன் மடியிலும், விதவை கோயிலில் இட்ட காணிக்கையிலும் கிடந்தது. இலத்தீன் எழுத்தை வாசிக்கத் தெரியாதவனும் படத்தை வாசித்தான். பழங்கள் நிறைந்து வழியும் கொம்பு என்றால் வளம். மரக்கிளை என்றால் சமாதானம். உருண்டை என்றால் உலகம். காலடியில் குனிந்திருக்கும் மனிதன் என்றால் தோற்ற பகைவன்.

காசடிக்கும் முறையும் எளிதுதான். பட்டறைக் கல்லில் ஓர் அச்சு. அதன்மேல் உலோக வில்லை. அதற்கு மேல் இன்னோர் அச்சு. சம்மட்டியால் ஓர் அடி. ஒரு பக்கத்தில் மன்னன் முகம், மறுபக்கத்தில் அவன் சொல்ல விரும்பிய சேதி. கீழே இரண்டு மூன்று எழுத்துகள், எந்த நகரின் அக்கசாலையில் அடித்தது என்று காட்ட. இலண்டன் முதல் அலெக்சாந்திரியா வரை இத்தகைய அக்கசாலைகள் இருந்தன.

இந்தக் காசுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொன்ஸ்தாந்தீன் மன்னனின் வாழ்வை ஒருமுறை பார்ப்போம். மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட கதை ஒன்றுண்டு: வானத்தில் சிலுவை தோன்றியது, மன்னன் போரில் வென்றான், மறுநாளே உரோமை கிறிஸ்துவுக்குச் சொந்தமாயிற்று. அவ்வளவு விரைவாக எதுவும் நடக்கவில்லை. காசுகளே அதற்குச் சாட்சி.

கொன்ஸ்தாந்தீன் இன்றைய சேர்பியாவிலுள்ள நைசுஸ் என்னும் ஊரில், 272ம் ஆண்டளவில் பிறந்தான். தந்தை கொன்ஸ்தான்சியுஸ் படைவீரனாகத் தொடங்கி உயர்ந்தவர். தாய்தான் நாம் வணங்கும் புனித எலேனா. அவர் எளிய குடியிற் பிறந்தவர்; வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தில் வேலை செய்தவர் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கணவர் பெரிய பதவியை நோக்கி ஏறியபோது இந்தச் சத்திரத்துப் பெண் அவருக்குத் தடையாகிவிட்டார். அவரை ஒதுக்கிவிட்டுப் பேரரசன் மக்சிமியானின் குடும்பத்துப் பெண்ணான தெயோதோராவை மணந்துகொண்டார் கொன்ஸ்தான்சியுஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகனோ தியோக்கிளேசியன் மன்னனின் நிக்கோமேதியா அரண்மனையில், பாதி விருந்தாளியாகவும் பாதிப் பிணையாகவும் வளர்ந்தான்.

தியோக்கிளேசியன் பேரரசை நால்வர் ஆளும்படி வகுத்தவன். 294ம் ஆண்டளவில் ஒரு புதிய பெரிய வெண்கலக் காசையும் வெளியிட்டான். எடை ஏறத்தாழப் பத்துக் கிராம். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. நால்வரின் முகங்களும் அதில் ஒன்றுபோலவே இருக்கும்: சதுரத் தலை, தடித்த கழுத்து, குறுந்தாடி. பெயரை வாசித்தாலன்றி யார் யாரெனத் தெரியாது. மறுபக்கத்தில் உரோமை மக்களின் காவல் தெய்வம் இளைஞன் வடிவில் நிற்கும். இடக்கையில் வளக்கொம்பு. வலக்கையில் தேவர்களுக்கு இரசம் வார்க்கும் கிண்ணம்.

அந்தக் கிண்ணத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். 303ம் ஆண்டு பெப்ரவரியில் பெரும் வேதகலாபனை தொடங்கிற்று. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, வேதப் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. கொஞ்சம் இரசம் வார்த்தால், சிறிது சாம்பிராணி இட்டால் உயிர் பிழைக்கலாம். மறுத்தவர்கள் சுரங்கங்களுக்கும் கொலைக்களத்துக்கும் போனார்கள். நம் ஊர்களில் கோயில் கொண்டிருக்கும் புனித செபஸ்தியாரையும் மரபு தியோக்கிளேசியன் காலத்து வேதசாட்சியாகவே சொல்கிறது. சிறைக்காவலன் வாங்கிய கூலியிலும் வேதசாட்சியின் வீட்டுப் பானையிலும் இருந்தது அதே கிண்ணம் ஏந்திய காசுதான். இளைஞன் கொன்ஸ்தாந்தீன் அப்போது நிக்கோமேதியா அரண்மனையில் இருந்தான். நடந்ததைக் கண்டவன் அவன்.

305ல் தியோக்கிளேசியன் பதவி துறந்தான். மறு ஆண்டு யூலை 25ம் திகதி, பிரித்தானியாவின் யோர்க் நகரில், கொன்ஸ்தான்சியுஸ் இறக்கவே, படைவீரர் அவர் மகனையே அரசனென ஆர்ப்பரித்தார்கள். 307ல் அவன் மக்சிமியானின் மகள் பவுஸ்தாவை மணந்தான். அதற்கு முன் மினெர்வினா என்பவளிடம் கிறிஸ்புஸ் என்னும் மகன் அவனுக்குப் பிறந்திருந்தான். தந்தை செய்ததை மகனும் செய்தான் போலும்.

காலப்போக்கில் அவனுடைய காசுகளில் முகம் மாறிற்று. தாடி போயிற்று. நீண்ட மூக்கும் சவரம் செய்த கன்னமுமாக, மற்ற மன்னர்களிலிருந்து பிரித்தறியக்கூடிய ஒரு முகம் வந்தது. 310ம் ஆண்டளவில் மறுபக்கமும் மாறிற்று. தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச, வலக்கையை உயர்த்தி, இடக்கையில் உலக உருண்டையைத் தாங்கி நிற்கும் சூரிய தேவன். வெல்ல முடியாத சூரியன் மன்னனின் தோழன் என்று சுற்றிலும் எழுத்து.

பிறகு வந்தது 312ம் ஆண்டு ஒக்ரோபர் 28ம் திகதி. உரோமையை ஆண்ட மக்சென்சியுஸ் பவுஸ்தாவின் உடன்பிறந்தவன். மில்வியன் பாலத்தருகே அவனை எதிர்த்துப் போர். முந்திய இரவு கனவில் பெற்ற கட்டளைப்படி வீரர்களின் கேடயங்களில் கிறிஸ்துவின் குறியை எழுதச் சொன்னான் என்று லக்தான்சியுஸ் கூறுகிறார். சில காலத்துக்கு முன்னரே நண்பகலில் சூரியனுக்கு மேலாக ஒளிச் சிலுவையைக் கண்டான் என்று, மன்னன் ஆணையிட்டுச் சொல்லக் கேட்டதாக, செசரேயா ஆயர் எவுசேபியுஸ் எழுதுகிறார். இரண்டு வரலாறும் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. மக்சென்சியுஸ் ரைபர் நதியில் மூழ்கி இறந்தான் என்பதிலும், வென்றவன் தன் வெற்றியைக் கிறிஸ்தவரின் கடவுளுக்கே உரியதாகக் கருதினான் என்பதிலும் ஐயமில்லை. அடுத்த ஆண்டு மிலான் நகரில் லிசினியுஸ் மன்னனோடு உடன்பட்டு எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தான். பறித்த ஆலயங்களும் நிலங்களும் திருச்சபைக்குத் திரும்பின. உரோமை ஆயருக்கு இலாத்தரன் மாளிகை கிடைத்தது. வத்திக்கான் குன்றில் புனித இராயப்பருக்குப் பேராலயம் எழுந்தது. மனிதனின் முகத்தில் சூட்டுக்குறி இடலாகாது, அது வானக அழகின் சாயல் என்று ஒரு சட்டமும் பிறந்தது. எனக்கு இந்தச் சட்டம், கட்டிய பேராலயங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் காசுகளுக்கு வாருங்கள். பாலத்தருகே வென்ற பின்னும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சூரிய தேவன் வெண்கலக் காசில் அப்படியே நிற்கிறான். பொற்காசில் 325 வரை அவனைக் காணலாம். உரோமையில் 315ல் எழுப்பிய வெற்றி வளைவில் சிலுவை இல்லை. ஏதோ ஒரு தெய்வத்தின் தூண்டுதலால் வென்றான் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறது. 321ல் ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. சட்டத்திலோ அதன் பெயர் சூரியனின் நாள். அதே 315ல் தீச்சீனும் நகரில் அடித்த அரிய வெள்ளிப் பதக்கம் ஒன்றில் மட்டும் மன்னனின் தலைக்கவசத்தில் சிறிய முத்திரை ஒன்று தெரிகிறது. கிறிஸ்து என்ற கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பின்னிய குறி அது. நம் குருக்களின் திருப்பலி உடையிலும் நற்கருணைப் பேழையின் கதவிலும் இன்று நீங்கள் காணும் அதே குறி. பதக்கத்தில் அது ஒரு பொட்டளவுதான்.

மன்னன் ஏமாற்றினானா? அப்படிச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. சூரியனையும் கிறிஸ்துவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டான் என்பவர்களும் உண்டு. என் எண்ணம் வேறு. குடிமக்களில் பெரும்பாலோர் இன்னும் பழைய தேவர்களை வணங்கினார்கள், படைவீரர்களும் அப்படியே. மன்னன் அவர்களை ஒரே நாளில் பகைக்க விரும்பவில்லை. 318 தொடக்கம் தேவர்களின் உருவங்கள் அவனுடைய வெண்கலக் காசுகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன. அவற்றின் இடத்தில் யாருக்கும் நோகாத படங்கள்: கேடயம் தாங்கும் வெற்றிப் பெண்கள் இருவர், பீடத்தின்மேல் உருண்டையும் மூன்று விண்மீன்களும், பாளையத்தின் காவல் வாயில். கிழக்கே லிசினியுஸ் 324 வரை யூப்பித்தரைத் தன் காசில் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு காசுகளையும் அருகருகே வைத்தால் இரு மன்னரும் எங்கே பிரிந்தார்கள் என்பது விளங்கும்.

324ல் அத்திரியானோப்பிளிலும் கிறிசோப்பொலியிலும் லிசினியுஸ் தோற்றான். கடற்போரில் வெற்றி தேடித் தந்தவன் இளவரசன் கிறிஸ்புஸ். உயிர்ப்பிச்சை வாக்களிக்கப்பட்ட லிசினியுஸ் மறு ஆண்டே கொல்லப்பட்டான். பேரரசு முழுவதும் ஒருவன் கைக்கு வந்தது. மன்னனின் தலையில் வாகைமாலைக்குப் பதிலாக மணிமுடிப் பட்டம் ஏறிற்று.

சிலுவைக் கொடி காசின் நடுவில் வந்தது அதற்குப் பிறகே. 327ம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்தினோப்பிளில் அடித்த ஒரு சிறு வெண்கலக் காசு. கிறிஸ்துவின் குறியை உச்சியில் தாங்கிய கொடிக்கம்பம். கொடித்துணியில் மூன்று வட்டங்கள். கம்பத்தின் கூரிய அடி ஒரு பாம்பைக் குத்தி நிற்கிறது. பொதுமக்களின் நம்பிக்கை என்பது அதன் எழுத்து. ஆதியாகமத்துப் பாம்பை நாம் நினைத்துக்கொள்கிறோம். அன்று பார்த்தவர்கள் லிசினியுஸையும் நினைத்திருப்பார்கள். அரண்மனை வாயிலின்மேல் இதையொத்த ஓவியம் இருந்ததாக எவுசேபியுஸ் எழுதுகிறார். இந்தக் காசு மிகச் சிலவே அடிக்கப்பட்டது. இன்று காணக் கிடைப்பது அரிது. திருச்சபை வரலாற்று நூல்களில் எல்லாரும் இதன் படத்தைப் போடுவதால், அக்காலத்து மக்கள் கையெல்லாம் சிலுவைக் காசு புழங்கியதாக நாம் எண்ணிவிடுகிறோம். அவர்கள் கையிற் புழங்கியது பெரும்பாலும் கொடிகளுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு போர்வீரர் காசுதான்.

இனிச் சொல்லவேண்டியது கசப்பானது. பக்தி நூல்கள் இதை விரைவாகத் தாண்டிப் போகும். நாம் அப்படிப் போக வேண்டாம்.

324 தொடக்கம் அரச குடும்பத்துப் பெண்களுக்கும் வெண்கலக் காசு அடிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட தாய் எலேனா இப்போது அகுஸ்தா என்ற பட்டத்தோடு, முத்துமாலையணிந்து காசின் முகப்பில் இருக்கிறார். மறுபக்கத்தில் கிளையைத் தாழ்த்திப் பிடித்து நிற்கும் பெண். அரசின் பாதுகாப்பு என்பது பொருள். மனைவி பவுஸ்தாவின் காசில் இரண்டு குழந்தைகளைக் கைகளில் ஏந்தி நிற்கும் தாய். அரசின் நலம் என்று ஒன்றில், அரசின் நம்பிக்கை என்று மற்றொன்றில் எழுத்து. இவ்வளவு மென்மையான படம் அக்காலத்து உரோமைக் காசுகளில் அதிகமில்லை. கிறிஸ்புஸுக்கும் காசுகள் உண்டு.

326ல் பவுஸ்தாவின் காசும் கிறிஸ்புஸின் காசும் திடீரென நிற்கின்றன. அந்த ஆண்டு மன்னன் தன் மூத்த மகனைப் போலா நகரில் கொல்வித்தான். சிறிது காலத்தில் மனைவியும் மாண்டாள். கொதிக்கும் குளியலறையில் அடைத்துக் கொன்றதாகப் பழைய ஆசிரியர் சிலர் எழுதுகிறார்கள். காரணம் என்னவென்று அவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எவுசேபியுஸ் எழுதிய மன்னனின் வாழ்க்கை வரலாற்றில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டுகளிலிருந்து இருவர் பெயரையும் செதுக்கி நீக்கினார்கள். கல்லில் இருப்பதைச் செதுக்கலாம். சந்தைக்குப் போய்விட்ட காசை என்ன செய்வது? இரண்டு குழந்தைகளை ஏந்திய தாய் மக்களின் பைகளில் பல காலம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

இதற்கு முந்திய ஆண்டுதான், 325ல், அதே மன்னன் நிசேயாப் பொதுச்சங்கத்தைக் கூட்டினான். வேதகலாபனையில் காயமுற்று, அந்தத் தழும்புகளோடு வந்த ஆயர்கள் நடுவே அவன் அமர்ந்திருந்தான். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று நாம் ஞாயிறு தோறும் அறிக்கையிடும் விசுவாசம் அங்கேதான் வரையறுக்கப்பட்டது. 2025ல் அதன் 1700ம் ஆண்டைத் திருச்சபை நினைவுகூர்ந்தது. ஆரியுஸை நாடுகடத்திய மன்னன் பின்னர் அவனைத் திரும்ப அழைக்கவும் செய்தான். 335ல் புனித அத்தனாசியாரைத் திரியர் நகருக்கு நாடுகடத்தினான். அரசன் திருச்சபையின் வீட்டுக்குள் வந்தபோது வெளியிலே விட்டுவிட்டு வந்தது தன் வாளை மட்டுமே. தன் அதிகாரத்தை அல்ல. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அவனை வெளியே நிற்கச் சொல்லும் துணிவு எல்லா வேளையிலும் இருக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் சிறையிலிருந்து வந்தவர்களை நாம் கடுமையாகக் குறைசொல்லவும் முடியாது.

எலேனா முதிய வயதில், 326க்குப் பின், புனித நாட்டுக்குத் திருப்பயணம் போனார். குடும்பத்தில் நேர்ந்த கொலைகளுக்குப் பரிகாரமாகப் போனார் என்பது பலர் எண்ணம். அவர் 330ம் ஆண்டளவில் இறந்தார்.

330 மே 11ம் திகதி புதிய தலைநகர் கொன்ஸ்தாந்தினோப்பிள் திறந்துவைக்கப்பட்டது. அதற்காக இரண்டு வெண்கலக் காசுகள் சேர்ந்து வந்தன. ஒன்றில் பழைய உரோமை: கவசமணிந்த பெண், மறுபுறம் இரட்டையருக்குப் பாலூட்டும் ஓநாய், மேலே இரண்டு விண்மீன்கள். மற்றதில் புதிய நகர்: கவசமணிந்த இன்னொரு பெண், மறுபுறம் கப்பல் முனையில் நிற்கும் வெற்றிப் பெண். கிறிஸ்தவ மன்னன் ஓநாயைக் கைவிடவில்லை.

காசின் படத்தைப் பற்றியே பேசி எடையை மறந்துவிடலாகாது. 294ல் பத்துக் கிராமாக இருந்த வெண்கலக் காசு, மன்னன் இறக்கும்போது ஒன்றரைக் கிராமளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெள்ளிப் பூச்சும் பெயருக்குத்தான். அதேவேளை, ஓர் உரோமை இராத்தல் பொன்னில் எழுபத்திரண்டு என்ற கணக்கில் அவன் அடித்த பொற்காசு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் மாற்றுக் குறையாமல் நின்றது. பொன் வைத்திருந்தவன் பிழைத்துக்கொண்டான். செப்பை நம்பியவன் கையில் செப்பு உருகிப் போயிற்று. பொன்னை இப்படிப் பெருக்கியதால் எளியவர் நசுங்கினர் என்று பெயர் தெரியாத 4ம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார். சிறு வணிகர்மேல் பொன்னாகவும் வெள்ளியாகவும் வரி விழுந்தது. மன்னன் பேராலயங்களுக்கு அள்ளிக்கொடுத்ததைப் போற்றுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அந்தப் பொற்காசு நம் நாட்டுக்கும் வந்தது. 6ம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிறிஸ்தவ வணிகர் ஒரு கதை சொல்கிறார். சோபாத்திரோஸ் என்ற உரோமை வணிகனும் ஒரு பாரசீகனும் இலங்கை மன்னன் முன் நின்று, தங்கள் அரசர்களுள் யார் பெரியவர் என்று வாதிட்டார்கள். சோபாத்திரோஸ் இரு நாட்டுக் காசுகளையும் பார்க்கச் சொன்னான். பாரசீகன் காசு வெள்ளி. உரோமையன் காசு பொன். மன்னன் உரோமையன் பக்கம் தீர்ப்பளித்தானாம். இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை ஒன்று இருந்ததாகவும் கொஸ்மாஸ் எழுதுகிறார். அனுராதபுரத்தில் 1912ல் கண்டெடுத்த கற்சிலுவையை அவர்களோடு தொடர்புபடுத்துவர். ஆனால் இலங்கை மண்ணில் பெருந்தொகையாகக் கிடைப்பவை பொற்காசுகள் அல்ல. கொன்ஸ்தாந்தீனுக்குப் பிற்பட்ட, 4ம் நூற்றாண்டின் கடைசியையும் 5ம் நூற்றாண்டையும் சேர்ந்த, விரல் நுனியளவான செப்புக் காசுகளே ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் அவற்றோடு கலந்து கிடைக்கின்றன. அந்த உருவங்களின் பொருள் தெரியாமலே நம் முன்னோர் அவற்றைக் கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

337ல் மன்னன் நோயுற்றான். நிக்கோமேதியாவுக்கு அருகே, அவ்வூர் ஆயர் எவுசேபியுஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றான். இவர் வரலாறு எழுதிய எவுசேபியுஸ் அல்லர். ஆரியுஸின் பக்கம் சாய்ந்தவர். பாப்பரசர் புனித சில்வெஸ்தர் மன்னனின் குட்டநோயைக் குணமாக்கி உரோமையில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று நம் பழைய நூல்களில் வாசித்திருப்பீர்கள். அது பிற்காலத்துப் புனைகதை. பாவமன்னிப்பை ஒருமுறைக்கே என்று எண்ணி, ஞானஸ்நானத்தை மரணப்படுக்கை வரை தள்ளிப்போடுவது அக்காலத்தில் பலர் வழக்கம். மகனையும் மனைவியையும் கொன்ற ஒருவன் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தது ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு அரசனுக்குரிய செந்நிற உடையை அவன் மீண்டும் அணியவில்லை. வெள்ளை உடையிலேயே, மே 22ம் திகதி, பெந்தக்கோஸ்து திருநாளன்று இறந்தான். பன்னிரு அப்போஸ்தலரின் நினைவுக் கல்லறைகள் நடுவே தனக்கும் ஓர் இடம் முன்கூட்டியே அமைத்திருந்தான். கீழைத் திருச்சபைகள் மே 21ம் திகதி தாயையும் மகனையும் சேர்த்துப் புனிதராகக் கொண்டாடுகின்றன. நம் உரோமை நாட்காட்டியில் அவனுக்குத் திருநாள் இல்லை. தாயை மட்டும் ஓகஸ்ட் 18ல் நினைவுகூருகிறோம். இந்த வேறுபாட்டில் நம் பக்கமே சரியென்று நினைக்கிறேன்.

இறந்தவனுக்காக மகன்கள் ஒரு வெண்கலக் காசு அடித்தார்கள். முன்புறம் முக்காடிட்ட முகம். பின்புறம் நான்கு குதிரை பூட்டிய தேரில் மன்னன் மேலே போகிறான். வானத்திலிருந்து ஒரு கை நீண்டு அவனை ஏற்க வருகிறது. தேர் சூரிய தேவனுடையது, எலியாசினுடையதென்றும் சொல்லலாம். கை இஸ்ராயேலின் கடவுளுடையது. அவன் வாழ்நாளெல்லாம் கலந்து கிடந்த இரண்டும் அந்தச் சிறு காசிலும் கலந்தே இருக்கின்றன.

அதே காலத்தில் இன்னும் இரண்டு சிறு காசுகள் வந்தன. மறைந்த எலேனாவுக்கு ஒன்று, பொதுச் சமாதானம் என்ற எழுத்தோடு. அவரை ஒதுக்கிவிட்டு கொன்ஸ்தான்சியுஸ் மணந்த தெயோதோராவுக்கு மற்றொன்று, உரோமைப் பக்தி என்ற எழுத்தோடு. அதில் குழந்தையை ஏந்தி நிற்கும் பெண். இவை வெளிவந்த நாட்களை ஒட்டித்தான், 337ம் ஆண்டுக் கோடையில், தெயோதோராவின் ஆண் வழித்தோன்றல்களில் ஏறக்குறைய எல்லாரையும் படைவீரர் வெட்டிக் கொன்றனர். பின்னாளில் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தேவர்களிடம் திரும்பிய யூலியான் அன்று சிறுவனாகத் தப்பியவன். ஒரு காலத்தில் ஒரே கணவருக்காக ஒருத்தி ஒதுங்க மற்றவள் உள்ளே வந்த அந்த இரண்டு பெண்களின் காசுகளும் ஒரே எடை, ஒரே அளவு. ஒரே அக்கசாலைகளில் அடிக்கப்பட்டு, கடைக்காரனின் ஒரே பையில் உராய்ந்து தேய்ந்தன.